துனீசியா: பேச்சுவார்த்தை எதைக் காப்பாற்றியது, எதைக் கைவிட்டது?

2013 ஜூலை 25, துனீசியாவின் குடியரசு நாள். அரசமைப்பு நிர்ணய சபையின் உறுப்பினர் முகமது பிராமி அன்று தம் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஐந்தரை மாதங்களுக்கு முன்பு, பிப்ரவரி 6 அன்று, இடதுசாரித் தலைவரும் வழக்கறிஞருமான ஷுக்ரி பெலெய்தும் இப்படித்தான் வீட்டு வாசலில் கொல்லப்பட்டிருந்தார். இரண்டு கொலைக்கும் ஒரே துப்பாக்கி என்றது உள்துறை அமைச்சகம். 217 பேர் கொண்ட சபையிலிருந்து ஏறத்தாழ 60 எதிர்க்கட்சி உறுப்பினர்கள் வெளியேறி, சபை கூடும் பார்தோ அரண்மனை எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஆகஸ்ட் 6இல் சபாநாயகரே சபையை நிறுத்தி வைத்தார். எகிப்தில் தேர்தலில் வென்ற இஸ்லாமிய அதிபரை ராணுவம் ஜூலை 3இல் இறக்கியிருந்தது; ஆகஸ்ட் 14இல் அவருடைய ஆதரவாளர்கள் கெய்ரோவில் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டார்கள். அடுத்தது துனீசியாதான் என்று பலரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

ஆறே மாதத்தில், 2014 ஜனவரி 26 அன்று, அதே சபை 200 பேர் ஆதரிக்க, 12 பேர் எதிர்க்க, 4 பேர் ஒதுங்கி நிற்க, புதிய அரசமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுங்கட்சி தானாகப் பதவியை விட்டு இறங்கியிருந்தது. இடையில் நடந்த 'தேசிய உரையாடல்' என்ற பேச்சுவார்த்தைக்காக, அதை நடத்திய நான்கு அமைப்புகளுக்கு 2015இல் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 2021இல் அதே துனீசியாவில் அதிபர் கைஸ் சையத் நாடாளுமன்றத்தை முடக்கினார். இன்று அந்நாடு ஏறக்குறைய ஒருவர் ஆட்சி. பிளவுபட்ட ஜனநாயகத்தைப் பேச்சால் ஒட்டவைக்கலாம் என்பவர்கள் முதல் பாதியைக் காட்டுகிறார்கள், பேச்செல்லாம் வீண் என்பவர்கள் இரண்டாம் பாதியைக் காட்டுகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு விஷயம் புரிகிறது: பேச்சுவார்த்தை வாங்கிக் கொடுப்பது அவகாசம் மட்டுமே. அந்த அவகாசத்தில் எதைக் கட்டி முடித்தோம் என்பதுதான் ஜனநாயகத்தின் தலையெழுத்தை எழுதுகிறது.

முதலில் பிளவைப் புரிந்துகொள்வோம். 2011 தேர்தலில் இஸ்லாமியக் கட்சியான என்னஹ்தா 89 இடங்களோடு முதலில் வந்து, இரண்டு மதச்சார்பற்ற கட்சிகளோடு கூட்டணி அரசு அமைத்தது. 2012 ஆகஸ்டில் வெளியான அரசமைப்பு வரைவு ஒன்று பெண்ணை ஆணுக்குத் துணை நிற்பவளாகச் சித்திரிக்க, தெருவில் பெரும் போராட்டம் வெடித்து அந்த வாசகம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் சலஃபிக் கும்பல் அமெரிக்கத் தூதரகத்தைத் தாக்கியது. மதச்சார்பற்றவர்கள், தேர்தலில் ஒருமுறை வென்றவர்கள் விதிகளையே தங்களுக்குச் சாதகமாக எழுதிவிடுவார்கள் என்று அஞ்சினார்கள். மறுபக்கத்தின் அச்சமும் கற்பனையானதல்ல. 2011 புரட்சியில் வீழ்ந்த சர்வாதிகாரி பென் அலியின் ஆட்சியில் என்னஹ்தாக்காரர்கள் ஆயிரக்கணக்கில் சிறை சென்றவர்கள். அன்றைய பிரதமர் அலி லாராயெத் பல ஆண்டுகளைத் தனிமைச் சிறையில் கழித்தவர். பதவியை விட்டால் மீண்டும் சிறைதான் என்று நினைப்பவரிடம் ஜனநாயக மாண்பைப் பற்றி எடுத்துச் சொல்லிப் பயனில்லை. துருவமயமாதல் என்று நாம் பெயரிட்டுப் பேசுவதில் கொள்கைச் சண்டையின் பங்கைவிட, தோற்றால் மிஞ்சுவோமா என்ற பயத்தின் பங்கு அதிகம். கருத்தை மாற்றச் சொல்லும் நல்லிணக்க மேடைகள் பெரும்பாலும் தோற்பதும் இதனால்தான்.

துனீசிய முயற்சி கருத்தை மாற்ற முயலவில்லை. அதை நடத்தியவை துனீசியப் பொதுத் தொழிலாளர் சங்கம், முதலாளிகளின் கூட்டமைப்பு, மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும். இவற்றில் கனமானது தொழிலாளர் சங்கம். 1946இல் தொடங்கி, பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக நின்று, நிறுவனர் ஃபர்ஹாத் ஹஷெதைக் கொலைக்குப் பலி கொடுத்த சங்கம் அது. ஒரு கோடியே பத்து லட்சம் பேர் உள்ள நாட்டில் பல லட்சம் உறுப்பினர்கள். பெலெய்த், பிராமி இருவர் கொலைக்கும் அது பொது வேலைநிறுத்தம் அறிவித்தபோது நாடே நின்றது. அது நடுநிலையான அமைப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2012 டிசம்பரில் அரசு ஆதரவுக் கும்பல் அதன் தலைமையகத்தையே தாக்கியிருந்தது. அந்தச் சாய்வைச் சமன் செய்ததுதான் முதலாளிகள் கூட்டமைப்பின் வருகை. கூலிக்கும் லாபத்துக்கும் காலமெல்லாம் மோதிக்கொள்ளும் இரு தரப்பு ஒரே பக்கம் உட்கார்ந்தால், எதிரே இருக்கும் கட்சிகள் சாக்குச் சொல்வது கடினம். இந்த நால்வரும் தேர்தலில் நிற்பவர்கள் அல்லர், ஆனால் மேசையை விட்டு எழுந்து போகிறவருக்கு விலை வைக்கக்கூடியவர்கள்.

நம் ஊர் அனைத்துக் கட்சிக் கூட்டம் எப்படி நடக்கும் என்று வாசகருக்குத் தெரியும்: ஆளுக்குப் பத்து நிமிடம் பேச்சு, தேநீர், வாசலில் தொலைக்காட்சிப் பேட்டி. துனிஸில் நடந்தது வேறு. பேச உட்காருமுன்பே ஒரு செயல்திட்டத்தில் கையெழுத்து வேண்டும் என்று நால்வர் அணி நிபந்தனை போட்டது. அக்டோபர் 5 அன்று கையெழுத்து விழாவுக்கு வந்த என்னஹ்தா தயங்கியதில் நிகழ்ச்சி மணிக்கணக்கில் தாமதமானது. அப்போதைய அதிபர் மர்சூக்கியின் கட்சி கடைசிவரை கையெழுத்திடவில்லை. 21 கட்சிகள் இட்டன. எதைப் பேசுவது என்பதும் அதிலேயே வரையறுக்கப்பட்டிருந்தது: கட்சி சாராத புதிய அரசு, அரசமைப்புச் சட்டத்தை முடிப்பது, சுயேச்சையான தேர்தல் ஆணையம். முட்டுக்கட்டை எல்லாம் வரிசையில்தான் இருந்தது. சட்டத்தை முடித்துவிட்டு இறங்குகிறோம் என்றது ஆளுங்கட்சி, இறங்கினால்தான் சட்டம் என்றது எதிர்க்கட்சி. இரண்டையும் ஒன்றோடொன்று பிணைத்து, ஒரு பக்கம் ஓரடி வைத்தால் மறுபக்கம் ஓரடி என்று நகர்த்தினார்கள். நவம்பரில் புதிய பிரதமர் யார் என்ற கேள்வியில் பேச்சு அறுந்தது. டிசம்பர் 14இல் தொழில்துறை அமைச்சர் மெஹ்தி ஜுமா தேர்வானபோதும் ஒருமனதாக இல்லை. பல கட்சிகள் வாக்களிக்காமல் ஒதுங்கின. பிறகு 2014 ஜனவரியில், மூன்றே வாரத்துக்குள், தேர்தல் ஆணையம் அமைந்தது, லாராயெத் விலகினார், அரசமைப்புச் சட்டம் நிறைவேறியது.

பேச்சின் தன்மையை அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் கண்ணால் பார்க்கலாம். அரசு மதத்தின் காவலர், புனிதமானவற்றைக் காக்கும் என்கிறது அது. அதே மூச்சில் மனசாட்சிச் சுதந்திரத்துக்கும் உத்தரவாதம் தருகிறது. விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே ஓர் என்னஹ்தா உறுப்பினர் இடதுசாரி உறுப்பினர் ஒருவரை இஸ்லாத்தின் எதிரி என்று சொல்லப்போக, அந்த இடதுசாரிக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. அதன் விளைவாக, யாரையும் மத விரோதி என்று முத்திரை குத்துவதைத் தடைசெய்யும் வாசகமும் அதே பிரிவில் நுழைந்தது. சட்ட அறிஞர்கள் முகம் சுளிக்கும் வரைவுதான். ஒன்றோடொன்று ஒட்டாத சரக்குகளை ஒரே பிரிவில் திணித்திருக்கிறார்கள். ஆனால் இரு தரப்பும் தங்கள் வாசகம் உள்ளே இருக்கிறது என்று தொண்டர்களிடம் காட்ட முடிந்தது. அழகான வரைவைவிட அது அன்று பெரிது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். துனீசியாவைக் காத்தது பேச்சா, எகிப்தின் பிணக்குவியலா? கெய்ரோவைப் பார்த்து என்னஹ்தா நடுங்கியது. பென் அலி வேண்டுமென்றே சிறிதாக வைத்திருந்த துனீசிய ராணுவம் ஆட்சிக்கு ஆசைப்படவில்லை. என்னஹ்தா தலைவர் ரஷீத் கன்னூஷியும் எதிர்க்கட்சித் தலைவர் பெஜி காயித் எஸ்ஸெப்ஸியும் ஆகஸ்டில் பாரிஸில் தனியாகச் சந்தித்துப் பேசியிருந்தார்கள். எல்லாம் உண்மை. ஆனால் பயம் இரண்டு பக்கமும் இழுக்கும்: விட்டுக்கொடுக்கவும் வைக்கும், முந்திக்கொண்டு அடிக்கவும் வைக்கும். எகிப்தின் செய்தி துனீசிய எதிர்க்கட்சிகளில் சிலருக்கு உற்சாகத்தையும் தந்தது. இங்கும் அப்படி ஆகட்டும் என்றவர்கள் இருந்தார்கள். பயம் எந்தப் பக்கம் சாய்வது என்பதைத் தீர்மானித்ததில் கையெழுத்துத் தாளுக்கும் அதிலிருந்த கெடுவுக்கும் பங்கு உண்டு. பாரிஸ் சந்திப்பைப் பொறுத்தவரை, இரு முதியவர்கள் கைகுலுக்கியதைக் கட்சிகளைக் கட்டுப்படுத்தும் கடமையாக மாற்ற வேறொரு கருவி வேண்டியிருந்தது.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. மக்கள் தேர்ந்தெடுத்த அரசை, யாரும் வாக்களிக்காத சங்கங்கள் இறக்கினால் அது ஜனநாயகமா? எளிதில் தள்ளிவிட முடியாத கேள்வி இது. ஓராண்டில் சட்டம் எழுதி முடிப்போம் என்று பெரும்பாலான கட்சிகள் வாக்குக் கொடுத்து வந்த சபை இரண்டாம் ஆண்டையும் தாண்டிக்கொண்டிருந்தது என்பதும், இறங்கிய கட்சி அடுத்த தேர்தலில் போட்டியிட்டு 69 இடங்களோடு இரண்டாவதாக வந்து அமைதியாகத் தோல்வியை ஏற்றது என்பதும் பதிலின் ஒரு பகுதி. ஆனாலும் விலை இல்லாமல் இல்லை. நெருக்கடியைத் தீர்க்க நாடாளுமன்றத்துக்கு வெளியே போகலாம் என்ற பழக்கம் வந்துவிட்டால், நாடாளுமன்றத்தின் மேல் மதிப்பு குறையும். ஆகவே அந்த வழி ஒருமுறை திறந்தால், அது இனித் தேவைப்படாதபடி நிரந்தர அமைப்புகளைக் கட்டிவிட வேண்டும். துனீசியா சறுக்கியது இங்கேதான்.

2014 தேர்தலில் 86 இடங்கள் வென்ற எஸ்ஸெப்ஸியின் நிதா தூனிஸும், நேற்றுவரை எதிரியாக இருந்த என்னஹ்தாவும் கூட்டணி ஆட்சிக்கு வந்தன. வெளியுலகம் கைதட்டியது. உள்ளே நடந்தது வேறு: நெருக்கடி காலத்து ஒருமித்த கருத்து அன்றாட ஆட்சிமுறையாகிவிட்டது. இரண்டு பெரிய கட்சிகளும் ஒரே பக்கம் இருந்தால் அரசைத் தட்டிக்கேட்க யார்? 2017இல் பழைய ஆட்சியின் அதிகாரிகளுக்கு மன்னிப்பளிக்கும் சட்டம், தெருவில் எதிர்ப்பு இருந்தும், இந்தக் கூட்டணியால் நிறைவேறியது. பேச்சு மேசையில் மதம், பதவி, தேர்தல் எல்லாம் இருந்தன, சோறு இல்லை. புரட்சி தொடங்கிய சிதி பூசித், கஸ்ஸரீன் போன்ற உள்மாவட்டங்களில் வேலையில்லாத இளைஞர்கள் அப்படியே நின்றார்கள். வேலையின்மை நாடு முழுக்கவே 15 சதவீத அளவில் உறைந்து கிடந்தது. பிளவு குறைந்தது நிஜம். கூடவே, வாக்களித்து எதையும் மாற்ற முடியும் என்ற நம்பிக்கையும் குறைந்தது. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் நிதா தூனிஸ் 3 இடங்களுக்குச் சுருங்கியது. அதே ஆண்டு அதிபர் தேர்தலில், கட்சியே இல்லாத அரசமைப்புச் சட்ட ஆசிரியர் கைஸ் சையத் 70 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்றார்.

விதிகளில் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல ஓர் அரசமைப்பு நீதிமன்றம் வேண்டும், முதல் தேர்தலிலிருந்து ஓராண்டுக்குள் அதை அமைக்க வேண்டும் என்று 2014 சட்டம் கெடு வைத்திருந்தது. 12 நீதிபதிகள், நால்வரை நாடாளுமன்றமும் நால்வரை நீதித்துறை மன்றமும் நால்வரை அதிபரும் நியமிக்க வேண்டும். நாடாளுமன்றத் தேர்வுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. ஒவ்வொரு கட்சியும் தன் ஆளுக்காக அடம்பிடிக்க, ஆறாண்டுகளில் ஒரே ஒரு பெயர்தான் தேறியது. சமரசம், ஒற்றுமை என்று தினம் பேசிய இதே கட்சிகள் நாலு நீதிபதிகளில் ஒத்துப்போக முடியாமல் போனதை மன்னிப்பதற்கில்லை. 2021இல் வாக்கு வரம்பைக் குறைத்துச் சட்டம் கொண்டுவந்தபோது, கெடு முடிந்துவிட்டது என்று காரணம் சொல்லி சையத் கையெழுத்திட மறுத்தார். சில மாதங்கள் கழித்து ஜூலை 25 அன்று, பிராமி கொலையுண்ட அதே தேதியில், அரசமைப்பின் 80ஆம் பிரிவைக் காட்டி நாடாளுமன்றத்தை முடக்கினார். அவசரகாலத்தில் நாடாளுமன்றம் தொடர்ந்து அமர்விலேயே இருக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவின் வாசகம். முப்பது நாளுக்குப் பின் அவசரநிலை தேவையா என்று அரசமைப்பு நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்றும் அதில் இருந்தது. கேட்பதற்கு நீதிமன்றம் இல்லை. தெருவில் மக்கள் கொண்டாடினார்கள். தொழிலாளர் சங்கம்கூட முதலில் எச்சரிக்கையோடு ஆதரவு தந்தது.

அப்படியென்றால் பேச்சுவார்த்தை வெறும் ஒத்திவைப்புதானே என்று கேட்கலாம். ஒத்திவைப்புதான். கொலையும் பழிவாங்கலும் வாசலில் நின்ற நாட்டில் ஏழாண்டு ஒத்திவைப்பு சின்ன விஷயமில்லை. அந்த ஆண்டுகளில் பத்திரிகைகள் சுதந்திரமாக எழுதின, ஆட்சி வாக்கால் மாறியது. அந்த ஏழாண்டை வீணடித்த பொறுப்பு கட்சிகளுடையது, மேசையுடையதல்ல. ஆனால் அந்த மேசையை நினைத்தபோதெல்லாம் மறுபடி விரித்துவிட முடியாது என்பதையும் துனீசியாவே காட்டிவிட்டது. 2020 டிசம்பரில் தொழிலாளர் சங்கம் புதிய தேசிய உரையாடலுக்கு அழைத்தது, சையத் இழுத்தடித்தார். 2023 தொடக்கத்தில் அதே சங்கம், மனித உரிமைக் கழகத்தையும் வழக்கறிஞர் சங்கத்தையும் கூட்டிக்கொண்டு மீண்டும் முயன்றது, சையத் மறுத்தார். 2013இல் வர மறுத்தால் ஆளுங்கட்சி எல்லாவற்றையும் இழந்திருக்கும். 2023இல் வராததால் அதிபர் இழக்க எதுவுமில்லை: புதிய சபை அவர் வகுத்தது, புதிய அரசமைப்பு அவர் எழுதியது, அந்தச் சபைக்கான தேர்தலில் வாக்களித்தவர்கள் 11 சதவீதம்தான். அந்த ஏப்ரலில் கன்னூஷி கைதானார். 2025 ஏப்ரலில் 'சதி வழக்கு' என்ற பெயரில் சுமார் 40 பேருக்கு 13 முதல் 66 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இஸ்லாமியவாதிகளும் மதச்சார்பற்றவர்களும் அந்த ஒரே பட்டியலில் இருந்தார்கள்.