மிதப்பதும் ஒரு கணக்கே!

இரண்டாமாண்டு மாணவன், இயந்திரவியல் துறை

ஒரு சின்ன இரும்பு ஆணியைத் தண்ணீரில் போட்டால் உடனே மூழ்கிவிடுகிறது. பல ஆயிரம் டன் இரும்பால் ஆன கப்பலோ கடலில் கம்பீரமாக மிதந்து செல்கிறது. இது எப்படி? நண்பர்களே, முதலாமாண்டு இயற்பியலில் இதற்கு விடை எழுதி மார்க் வாங்கியதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். மீனவக் குடும்பத்திலிருந்து படிக்க வந்த முதல் ஆள் நான். எனவே என்னால் அப்படி விட முடியவில்லை.

சுமார் 2200 ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீஸ் இதற்கு விடை கண்டுவிட்டார். ஒரு பொருள் தண்ணீரில் இறங்கும்போது, தான் இருக்க வேண்டிய இடத்திலுள்ள தண்ணீரை விலக்குகிறது. விலக்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ, அவ்வளவு விசை பொருளை மேலே தள்ளும். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும் அல்லவா? அதனால் பொருளின் மேல்பக்கத்தை விட அடிப்பக்கத்தில் தண்ணீர் அதிகமாக அழுத்துகிறது. அந்த வித்தியாசம்தான் மேல்நோக்கிய இந்தத் தள்ளல்.

நம் ஒர்க்ஷாப் பாஷையில் பார்ப்போம். 1 லிட்டர் கன அளவுள்ள இரும்புக் கட்டி சுமார் 7.8 கிலோ இருக்கும். அது விலக்குவதோ 1 கிலோ தண்ணீர்தான். 7.8 கிலோவை 1 கிலோ தாங்குமா? தாங்காது, முங்கிவிடும். அதே இரும்பைத் தகடாக அடித்து, 10 லிட்டர் கன அளவுள்ள திறந்த பெட்டியாகச் செய்யுங்கள். 7.8 லிட்டர் தண்ணீரை விலக்கும் ஆழம் வரை இறங்கி, அப்படியே நின்றுவிடும். இன்னும் 2.2 கிலோ பாரம் ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றினால் விளிம்பு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். கப்பலின் ரகசியமும் இவ்வளவுதான்.

இந்தப் பாரக் கணக்கைக் கப்பல் முதலாளியின் ஆசைக்கு விடக்கூடாது என்று சாமுவேல் பிளிம்சால் என்பவர் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் போராடினார். அதன் பலனாக 1876-ல் கப்பலின் பக்கவாட்டில் சுமைக்கோடு போட வேண்டும் என்று சட்டம் வந்தது. இன்றைய கப்பல்களில் நன்னீருக்கு ஒரு கோடு, கடல்நீருக்கு ஒரு கோடு என்று தனித்தனியாக இருக்கும். கடல்நீர் லிட்டருக்கு 1.025 கிலோ இருப்பதால், அதில் கப்பல் சற்றுக் குறைவாகவே அமிழும்.

இனி எங்கள் கடற்கரைக்கு வாருங்கள். கட்டுமரத்தை நாங்கள் ‘மரம்’ என்றுதான் சொல்வோம். அதில் உள்கூடு கிடையாது. கட்டையே தண்ணீரை விட லேசு. அலை மேலே அடித்தாலும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். “மரம் கவுந்தாலும் முங்காதுடே” என்பார் அப்பா. பள்ளிக்கூடம் போகாத அவர் சொன்னதும் ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான்!

ஆனால் இப்போது அப்பா போவது ஃபைபர் வள்ளத்தில். ஃபைபர் தண்ணீரை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனமானது. வள்ளம் மிதப்பது உள்ளே இருக்கும் வெற்றிடத்தால்தான். அதில் தண்ணீர் நிறைந்துவிட்டால்? 600 கிலோ வள்ளம் என்று வைத்துக்கொள்வோம். ஃபைபரின் கன அளவு 400 லிட்டர். அது முழுதும் முங்கினாலும் விலக்குவது 410 கிலோ கடல்நீர்தான். 190 கிலோ குறைகிறது. இஞ்சின் 40 கிலோவைச் சேர்த்தால் 230 கிலோ. வலை, நங்கூரம் எல்லாம் இதற்கு மேல்.

இந்தக் குறையை நிரப்பத்தான் வள்ளத்தின் முன்னும் பின்னும் தெர்மோகோல் அடைத்து மூடிய அறை வைக்கிறார்கள். 100 லிட்டர் தெர்மோகோல் இரண்டு கிலோதான் இருக்கும். தண்ணீருக்குள் அமிழ்ந்தால் ஏறக்குறைய 100 கிலோவைத் தாங்கும். “சும்மாதானே கிடக்கு” என்று அந்த அறையை உடைத்து ஐஸ் பெட்டி வைப்பவர்கள் உண்டு. நண்பர்களே, அது சும்மா கிடக்கும் இடமல்ல. தண்ணீர் நிறைந்த வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு, ஆள் வரும்வரை நாலு உயிர் காத்திருக்க வேண்டிய இடம்.

போன லீவில் அப்பாவும் நானும் டேப் பிடித்து எங்கள் வள்ளத்தின் அறைகளை அளந்தோம். 150 லிட்டர்தான் வந்தது. நோட்டில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. மறுநாள் இருக்கைப் பலகைக்கு அடியில் இன்னொரு அறை கட்ட எவ்வளவு ஆகும் என்று விசாரிக்கப் போய்விட்டார்.

கடலோரத்திலிருந்து படிக்க வந்திருக்கும் தோழர்களே, அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு டேப்பும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். நாம் படித்த படிப்பு பரீட்சைப் பேப்பரோடு முடிந்துவிட வேண்டாம்!