அணையாத காற்றுப்பை விளக்கு

காரை முடுக்கியதும் டாஷ்போர்டில் காற்றுப்பை விளக்கு சில விநாடிகள் எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால், மோதலின்போது பை விரியாமல் போகலாம்.

போர்ட் கிள்ளான் பக்கம் இருப்பவர்கள் முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் கார்கள் மூழ்கிய கோலம் மறக்கக்கூடியதா? காற்றுப்பையின் மஞ்சள் இணைப்புகள் பல கார்களில் முன் இருக்கைக்கு அடியில்தான் இருக்கின்றன. கம்பளம் காய்ந்துவிடும், இணைப்பில் பிடித்த பச்சைக் களிம்பு போகாது. இருக்கையை நகர்த்தும்போது விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் கோளாறு அங்கேதான் இருக்கக்கூடும். ஹார்னும் சேர்ந்து மௌனமானால், ஸ்டியரிங்குக்குள் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் எனும் சுருள் வயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மலிவு ஸ்கேனர்கள் பலவும் இஞ்சின் கோளாறை மட்டுமே படிக்கும். எஸ்ஆர்எஸ் எனும் காற்றுப்பை அமைப்பைப் படிக்கும் கருவியுள்ள பட்டறைக்குப் போங்கள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, கையேடு சொல்லும் நேரம் காத்திருக்காமல் எந்த இணைப்பிலும் கை வைக்கக்கூடாது. காற்றுப்பையில் மல்டிமீட்டர் வைப்பது விபரீதம். பழைய கார் வாங்குகிறீர்களா? விளக்கு முதலில் எரிகிறதா என்று பாருங்கள். பல்பையே பிடுங்கிவிட்டு விற்கும் கெட்டிக்காரர்கள் உண்டு.

விளக்கே காட்டாத ஆபத்தும் இருக்கிறது. 2014இல் சரவாக், சிபுவில் ஹோண்டா சிட்டி காரின் தக்காத்தா நிறுவனக் காற்றுப்பை வெடித்துச் சிதறியதில் ஒரு கர்ப்பிணி உயிரிழந்தார். அதிலுள்ள அம்மோனியம் நைட்ரேட்டை வெப்பமும் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் கெடுக்கும். நம் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. உங்கள் காரின் சேஸிஸ் எண்ணைத் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் பதிந்து பாருங்கள். திரும்ப அழைக்கப்பட்ட கார் என்றால் மாற்றுவது இலவசம்.