கடலில் வெந்நீர் விளாவுவது யார்?

செட்டியார்பட்டியில் நின்று மேற்கே பார்த்தால் மலை தெரியும். கடல் எந்தப் பக்கமும் தெரியாது. ஆனாலும், புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்குக் காத்திருக்கும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கண்மாய் நிரம்புமா என்பதில் வங்கக் கடலுக்குப் பெரிய பங்கு உண்டு. வடகிழக்குப் பருவமழைக்கான ஈரம் பெருமளவு அங்கிருந்துதான் வருகிறது.

வாளியில் இருக்கும் பச்சைத் தண்ணீர் மீது வெந்நீரை மெதுவாக ஊற்றினால் மேலே சுடும். அடியில் சில்லென்று இருக்கும். கைவிட்டு விளாவினால்தான் பதமாகும். கடலும் அப்படித்தான். வெயில் மேல்நீரைச் சூடாக்குகிறது. காற்று, அலை, நீரோட்டம் உண்டாக்கும் சுழிப்புகள் அதை அடியில் உள்ள குளிர்ந்த நீரோடு விளாவுகின்றன. விளாவல் குறைந்தால் சூடு மேலேயே தங்கி, மேகத்துக்கும் புயலுக்கும் தீனி போடும்.

வங்கக் கடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி போன்ற ஆறுகள் கொட்டும் நன்னீர், உப்புநீரைவிட லேசானது. அது மேலே மூடிபோலப் பரவி விளாவலைத் தடுக்கிறது.

சரி, இதை எப்படி அளப்பது?

2016 ஜூன் இறுதியில் 'சிந்து சாதனா' ஆய்வுக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. 'பாபிள்' என்ற இந்திய - பிரிட்டிஷ் ஆய்வு அது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பி.என்.வினயச்சந்திரனும், ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் மேத்யூஸும் முன்னின்று நடத்தினர். இலங்கைக்குக் கிழக்கே, தெற்கு வங்கக் கடலில் நீளக் குழாய் போன்ற ஒரு கருவியை இறக்கினார்கள். கப்பலின் ஆட்டம் அதைத் தொடக்கூடாது என்பதால், கயிற்றைத் தளர்வாக விட்டு, தானாக விழ விடுவார்கள். அதன் மூக்கில் உள்ள மெல்லிய உணரிகள் நீரின் நடுக்கத்தை விநாடிக்குப் பல நூறு முறை பதிவு செய்யும். விரலளவு சுழிப்புகூடத் தப்பாது.

இலங்கையின் தெற்கே சுற்றிவரும் அரபிக் கடலின் உப்புநீர், வங்கக் கடலின் லேசான நீருக்கு அடியில் புகுவதையும் அந்தப் பயணத்தில் அளந்தார்கள். அந்த உப்பு மேலே வரவும் விளாவல் வேண்டும்.

இதனால் என்ன லாபம்? வானிலையைக் கணிக்கும் கணினி, கடலைப் பல கிலோமீட்டர் அகலக் கட்டங்களாகத்தான் பார்க்கும். விரலளவு சுழிப்பு அதன் கண்ணில் படாது. சூத்திரமாகத்தான் சொல்லித்தர வேண்டும். சூத்திரம் சரிதானா என்று பார்க்க, கடலில் இறங்கி அளந்த கணக்கு தேவை.

அதே 2016-ல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. மறு ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மழை பொய்ப்பதற்குக் காரணங்கள் பல. விளாவலை அளந்ததால் மழை கூடப்போவதில்லை. ஆனால், கடலின் சூட்டைச் சரியாகக் கணக்கிட்டால் மழையையும் புயலையும் பற்றிய முன்னறிவிப்பு மேம்படும். விதைப்பதா, பொறுப்பதா என்று யோசிக்கும் மானாவாரி விவசாயிக்கு, பத்து நாள் முன்கூட்டித் தெரிவதே பெரிய விஷயம்.