கவனிப்பு ஒரு கையில், கணக்கு மறு கையில்

மும்பையில் தென்னிந்தியக் கல்விச் சங்கம் நிறுவப்பட்ட 1932-ஆம் ஆண்டையொட்டி மாட்டுங்காவில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல. அன்று வீடு நிறைய மனிதர் இருந்தனர். நோயுற்ற முதியவரின் அருகில் எப்போதும் யாரேனும் ஒருவர் இருப்பார். இன்று அதே குடும்பங்களின் பிள்ளைகள் பெங்களூரிலோ கடல் கடந்த நாடுகளிலோ பணிபுரிகின்றனர். மின்தூக்கி இல்லாத பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தாயார் மட்டும் இருக்கிறார். ஒரு நாள் குளியலறையில் கால் வழுக்கிவிடுகிறது, அல்லது அடுப்பை அணைக்க மறந்துவிடுகிறது. வீட்டோடு தங்கிக் கவனித்துக்கொள்ள ஓர் ஆள் தேவை என்ற பேச்சு அப்போதுதான் எழுகிறது.

மும்பையில் இத்தகைய பணியாளர்களைப் பெரும்பாலும் ‘பீரோ’ எனப்படும் முகவர் நிலையங்களே அனுப்புகின்றன. அங்கே செல்லுமுன் நமக்குத் தேவை என்ன என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குளிப்பாட்டுதல், உணவூட்டுதல், நடக்கத் துணை நிற்றல் போன்றவற்றை உதவியாளர் செய்வார். ஊசி போடுதல், மூக்குவழிக் குழாயில் உணவு செலுத்துதல், சிறுநீர்க் குழாய் பராமரிப்பு ஆகியவற்றுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் வேண்டும். முன்னவருக்குரிய ஊதியத்தில் பின்னவரின் வேலையை எதிர்பார்ப்பது நோயாளிக்கே ஆபத்து.

அடுத்தது இடம். செம்பூரில் இரண்டு அறைகள் கொண்ட வீடாயின், பணியாளர் உறங்கவும் உடைமைகளை வைக்கவும் ஒரு மூலையை ஒதுக்க இயலும். ஒரே அறையில் குடும்பமே வாழும் தாராவி வீடுகளில் 24 மணி நேரப் பணியாளரைத் தங்கவைப்பது கடினம். அங்கே 12 மணி நேரப் பகல் பணியாளரும், இரவில் குடும்பத்தினரும் எனப் பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது. இரவெல்லாம் விழித்திருக்கும் நோயாளியாயின், எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் ஒருவரால் மட்டும் சமாளிக்க இயலாது. இருவர் முறை மாற்றிப் பணிபுரிய வேண்டும்.

மொழியையும் கருத வேண்டும். நினைவு குன்றும் முதியோர் பலர், பின்னாளில் கற்ற இந்தியையும் மராத்தியையும் மறந்து தாய்மொழிக்கே திரும்பிவிடுகின்றனர். தமிழ் அறிந்த பணியாளர் கிடைக்காவிடில், தண்ணீர், வலி, பசி, கழிவறை போன்ற இருபது சொற்களையாவது அவருக்கு முதல் வாரத்திலேயே கற்றுத்தருதல் நலம்.

பணியாளரின் அடையாளச் சான்றுகளின் நகலைப் பெறுதல், உள்ளூர்க் காவல் நிலையத்தில் விவரம் அளித்தல், வேலை, ஓய்வு நேரம், வார விடுமுறை, பதிலாள் ஏற்பாடு ஆகியவற்றை எழுத்தில் வைத்தல் ஆகியவற்றைப் பெரும்பாலான குடும்பங்கள் அறிந்தே இருக்கின்றன. கிளைகளில் நாம் காணும் சிக்கல் வேறிடத்தில் தொடங்குகிறது. மருந்துக்கும் காய்கறிக்கும் பணம் எடுக்க வேண்டியிருக்கிறது; முதியவரால் நடக்க இயலவில்லை; ஏ.டி.எம். அட்டையும் ரகசிய எண்ணும் பணியாளரின் கைக்குச் செல்கின்றன.

இந்தப் பழக்கம் இரு தரப்புக்கும் கேடு. ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ரகசிய எண்ணை வாடிக்கையாளரே பிறரிடம் பகிர்ந்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நேரும் இழப்பு முழுவதும் அவரையே சாரும். மறுபுறம், கணக்கில் ஐந்நூறு ரூபாய் பொருந்தவில்லையெனில் முதல் ஐயம் நேர்மையான பணியாளர் மீதே விழும். கவனிப்பவரின் கையில் கணக்கை ஒப்படைக்காதிருப்பது அவருக்கும் பாதுகாப்பே.

இதற்கு மாற்று வழிகள் உள்ளன. முதியவரின் கணக்கில் மகனையோ மகளையோ கூட்டுக் கணக்குதாரராகச் சேர்த்து, இருவரில் எவரும் இயக்கும் வசதியைப் பெறலாம். யு.பி.ஐ. சர்க்கிள் வசதியில் மகள் முதன்மைப் பயனராகவும் தாயார் இரண்டாம் பயனராகவும் இருந்தால், தாயார் செலுத்தும் ஒவ்வொரு தொகைக்கும் மகளின் ஒப்புதலைக் கட்டாயமாக்கலாம். சில்லறைச் செலவுக்கு வாரம் ஒரு சிறு தொகையும் ஒரு குறிப்பேடும் போதும். 70 வயதைக் கடந்தோருக்கு, பணம் பெறுதல், கொடுத்தல், வாழ்வுச் சான்றிதழ் பெறுதல் உள்ளிட்ட சேவைகளை வீட்டு வாசலில் வழங்குமாறு ரிசர்வ் வங்கி 2017-இல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியுள்ளது. ஓய்வூதியர் நவம்பரில் அளிக்கும் வாழ்வுச் சான்றிதழை, 80 வயது நிரம்பியோர் அக்டோபரிலேயே அளிக்கலாம். கையொப்பமிட இயலாதவர் கைவிரல் அல்லது கால்விரல் ரேகையிட்டும் பணம் பெறலாம். சாட்சிகள் இருவரில் ஒருவர் வங்கி அலுவலராக இருத்தல் வேண்டும்.

இவற்றைக் காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டும். இந்தியாவில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதி நோயுடன் வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பிள்ளைகளுக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்வோர் பலர். ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆம் பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் அந்த அதிகாரமும் முடிவுக்கு வருகிறது. பணம் மிகவும் தேவைப்படும் நாளில் பத்திரம் பயனற்றுப்போகும். பின்னர் காப்பாளர் நியமனத்துக்கு நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். முதியவர் தெளிவுடன் இருக்கும்போதே கூட்டுக் கணக்கையும் வாரிசு நியமனத்தையும் முடித்துவிட்டால் இவ்வலைச்சல் பெரிதும் குறையும். 2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நால்வர் வரை நியமிக்கலாம்.

பணியாளரின் ஊதியத்தையும் அவருடைய சொந்த வங்கிக் கணக்கிலேயே செலுத்துக. கணக்கு இல்லையெனில், குறைந்தபட்ச இருப்பு தேவைப்படாத அடிப்படைச் சேமிப்புக் கணக்கைத் தொடங்க உதவுக. அதன்வழி 18 முதல் 70 வயதுடையோர் ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீட்டையும், 18 முதல் 50 வயதுடையோர் 436 ரூபாயில் அதே தொகைக்கு ஆயுள் காப்பீட்டையும் பெறலாம். 40 வயதுக்குட்பட்டவர் அடல் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். நம் பெற்றோரின் முதுமையைத் தாங்கும் அவருக்கும் ஒரு முதுமை உண்டு.

முதியோர் தொடர்பான வழிகாட்டலுக்கு 14567 என்ற தேசிய உதவி எண்ணையும், பணமோசடி நேர்ந்தால் உடனே 1930 என்ற எண்ணையும் அழைக்கலாம். பீரோவுக்கு முன்பணம் செலுத்தும் வாரத்திலேயே, இயலுமாயின் தாயாரையோ தந்தையாரையோ உடன் அழைத்துக்கொண்டு, ஒரு முறை கிளைக்கு வருக. நடக்க இயலாதவராயின் தெரிவித்தால் போதும். வீட்டு வாசல் சேவைக்கு ஏற்பாடு செய்யலாம்.