தகுதிகளைத் தேர்ந்தெழுதுதல்

நுழையும்முன்

மேல்நிலைக் கல்வியை முடிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஏதேனும் ஒரு விண்ணப்பத்தை எழுதும் நிலைக்கு வருகிறார். கல்லூரிச் சேர்க்கை, உதவித்தொகை, வேலைவாய்ப்பு என எதுவாயினும் அதில் 'கல்வித்தகுதி', 'பிற தகுதிகள்' என்னும் கட்டங்கள் இருக்கும். அக்கட்டங்களில் எதை எழுதுவது, எதை விடுவது என்பதைத் தீர்மானிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

தன்விவரக் குறிப்பு என்பது யாது?

தன்விவரக் குறிப்பு, ஒருவருடைய வாழ்க்கை வரலாறு அன்று. வாழ்க்கை வரலாற்றை எழுதுபவர், தம் நினைவில் நிற்பவற்றையெல்லாம் எழுதலாம். தன்விவரக் குறிப்போ ஒரு குறிப்பிட்ட வினாவுக்குரிய விடையாகும். 'இப்படிப்பை இவரால் தொடர இயலுமா?', 'இப்பணியை இவரால் செய்ய இயலுமா?' என்பதே அவ்வினா. கேட்பவர் மாறும்போது வினா மாறும். வினா மாறும்போது விடையும் மாறும்.

இதனை உணராதோர் இருவகையில் தவறுகின்றனர். ஒரு சாரார், ஆரம்பப் பள்ளியில் பெற்ற பரிசு முதலாக அனைத்தையும் அடுக்கிவிடுகின்றனர். அதனால், முதன்மையான தகுதி கூட்டத்தில் மறைந்துபோகிறது. மற்றொரு சாரார், 'இதையெல்லாமா எழுதுவது?' என்று தயங்கி, உரிய தகுதியையும் விட்டுவிடுகின்றனர். முன்னதைவிடப் பின்னது கூடுதல் இழப்பைத் தருவது.

ஒருவர், இரு நேர்காணல்கள்

இராமேசுவரத்தில் 1931ஆம் ஆண்டு பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் பயின்றவர். திருச்சியில் இயற்பியலும் சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியலும் கற்ற அவருக்கு, 1958இல் இரண்டு நேர்காணல் அழைப்புகள் வந்தன. ஒன்று, தில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவுக்கானது. மற்றொன்று, டேராடூனில் விமானப்படைக்கானது. விமானப்படைத் தேர்வில் கலந்துகொண்ட 25 பேருள் அவர் ஒன்பதாம் இடம் பெற்றார். இருந்த இடங்களோ எட்டு. தில்லியில் நடைபெற்ற நேர்காணலின் வழியே அவருக்கு முதுநிலை அறிவியல் உதவியாளர் பணி கிடைத்தது.

விமானப்படைக்குழு உடல்தகுதிக்கும் ஆளுமைக்கும் முதன்மை அளித்ததைக் கலாம் தம் தன்வரலாற்றில் குறிப்பிடுகிறார். ஒரே மனிதர், ஒரே பட்டம், ஏறத்தாழ ஒரே காலம். ஆயினும் முடிவுகள் வேறுபட்டன. தகுதி என்பது தனித்து நிற்கும் பொருள் அன்று. எதற்குத் தகுதி என்பதைச் சேர்த்தே அது மதிப்பிடப்படுகிறது என்பது இதனால் விளங்கும்.

இராமானுசன் எழுதிய இரு மடல்கள்

கணிதமேதை சீனிவாச இராமானுசன், கும்பகோணத்தில் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றவர். கல்லூரியில் கணிதம் ஒன்றிலேயே மூழ்கியதால் பிற பாடங்களில் தவறினார். எஃப்.ஏ. என வழங்கப்பட்ட கல்லூரி இடைநிலைத் தேர்வில் அவரால் தேற இயலவில்லை. பட்டம் இல்லாத நிலையில் அவர் வேலை தேடினார்.

1912ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாள், சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தில் எழுத்தர் பணி கேட்டு அவர் ஒரு விண்ணப்பம் எழுதினார். மிகச் சுருக்கமான மடல் அது. மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் சூழ்நிலையால் படிப்பு தடைப்பட்டதையும் அதில் குறிப்பிட்டார். தம் காலம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருவதாகவும் பணியைச் செம்மையாகச் செய்ய இயலும் என்ற நம்பிக்கை உண்டு என்றும் எழுதினார். மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட்டின் பரிந்துரை மடலும் உடன் சென்றது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே இராமானுசனின் முதல் ஆய்வுக்கட்டுரை இந்தியக் கணிதக் கழக இதழில் வெளிவந்திருந்தது. அதனை அவர் அம்மடலில் குறிப்பிடவில்லை. கணக்குப் பிரிவு எழுத்தருக்கு வேண்டுவது அடிப்படைக் கல்வியும் கணக்கில் தேர்ச்சியும் நம்பகத்தன்மையுமே. 1912 மார்ச் 1 அன்று அவர் பணியில் சேர்ந்தார். மாத ஊதியம் 30 ரூபாய்.

ஓராண்டிற்குள், 1913 சனவரி 16 அன்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஹார்டிக்கு அவர் மற்றொரு மடல் எழுதினார். துறைமுக அலுவலகத்தில் குறைந்த ஊதியத்தில் எழுத்தராக இருப்பதையும், பல்கலைக்கழகக் கல்வி தமக்கு இல்லை என்பதையும் அதில் வெளிப்படையாகக் கூறினார். தேர்வு விவரங்களை விரிக்கவில்லை. மாறாக, தாம் கண்டறிந்த ஏறத்தாழ 120 தேற்றங்களை மடலுடன் இணைத்தார். சான்றிதழ் நிற்கவேண்டிய இடத்தில் உழைப்பின் விளைவு நின்றது. அதன் பயனாக, அதே ஆண்டில் பட்டம் இல்லாத அவருக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை வழங்கியது. 1914 மார்ச்சில் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

இவ்விரு மடல்களையும் ஒப்பிட்டு நோக்குக. எஃப்.ஏ. 'வரை படித்தேன்' என்றாரேயன்றித் 'தேறினேன்' என்று அவர் எழுதவில்லை. முடிக்காத படிப்பை எவ்வாறு குறிப்பிடுவது என்பதற்கு அத்தொடரே நல்ல இலக்கணம். உண்மை இரு மடல்களிலும் ஒன்றே. தேர்வு மட்டுமே வேறு.

தேர்ந்தெடுக்க மூன்று வினாக்கள்

ஒரு தகுதியை எழுதுவதற்கு முன் பின்வரும் மூன்று வினாக்களை எழுப்பிக்கொள்ளுதல் நலம்.

1. இப்படிப்புக்கோ பணிக்கோ இது தொடர்புடையதா?
2. இதனைச் சான்றுடன் மெய்ப்பிக்க இயலுமா?
3. இதே திறனை இதைவிட வலிமையாகக் காட்டும் வேறொரு தகுதி என்னிடம் உள்ளதா?

முதல் இரண்டிற்கும் 'ஆம்' எனவும் மூன்றாவதற்கு 'இல்லை' எனவும் விடை வருமாயின் அத்தகுதியை எழுதலாம்.

எடுத்துக்காட்டாக, இராமநாதபுரத்தை அடுத்த உத்தரகோசமங்கையில் வாழும் மாணவி ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஆறாம் வகுப்பு முதல் அரசுப்பள்ளியில் தமிழ்வழியில் பயின்றவர். குடும்பத்தில் எவரும் பட்டம் பெற்றதில்லை. ஆறாம் வகுப்பில் கோலப்போட்டிப் பரிசு, எட்டாம் வகுப்பில் தேசியத் திறன் படிப்புதவித்தொகை, மாவட்ட அளவிலான கபடிச் சான்றிதழ், தமிழ்த் தட்டச்சில் இளநிலைத் தேர்ச்சி, நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அனுபவம் ஆகியன அவரிடம் உள்ளன. விடுமுறை நாள்களில் பெற்றோருடன் மிளகாய் வயலில் உழைப்பதோடு, கூலிக்கணக்கையும் விற்பனைக்கணக்கையும் எழுதி வருகிறார். இவருள் எதை எழுதுவது?

அலுவலக உதவிப்பணிக்கு விண்ணப்பிப்பின் தட்டச்சுத் தேர்ச்சி முதலிடம் பெறவேண்டும். கணக்கெழுதிய பழக்கமும் பொருந்தும். கபடிச் சான்றிதழ் ஒரு வரியில் அமையலாம். கோலப்பரிசை விட்டுவிடலாம். வேளாண் சார்ந்த பயிற்சிக்கோ உதவித்தொகைக்கோ விண்ணப்பிப்பின் வயல் அனுபவமே முன்னிற்கவேண்டும். தட்டச்சு பின்னிடம் பெறும். தேசியத் திறன் உதவித்தொகை எதிலும் பொருந்தக்கூடியது. தேர்வெழுதிப் பெற்றதாகையால் அதற்கு மதிப்புண்டு.

வயலில் உழைத்ததை எழுதலாமா என்னும் ஐயம் பலருக்கு எழும். இராமநாதபுரம் குண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. அத்தகைய பயிரை விதைப்பு முதல் விற்பனை வரை அறிந்திருப்பது அறிவுசார்ந்த தகுதியே. ஆனால், 'வேளாண்மையில் ஆர்வம் உண்டு' என்று எழுதுவதால் பயனில்லை. 'மூன்று ஆண்டுகளாகக் குடும்ப வயலில் மிளகாய் விதைப்பு, வற்றல் உலர்த்துதல், தரம்பிரித்தல் ஆகியவற்றில் பங்கேற்பு. கூலி, விற்பனைக் கணக்குகளை எழுதிய அனுபவம்' என்று எழுதினால் படிப்பவர் மனத்தில் தெளிவான உருவம் தோன்றும். பாக் நீரிணைக் கரையில் வலை பின்னத் தெரிந்த மாணவருக்கும், வாலிநோக்கம் உப்பளத்தில் பெற்றோருக்கு உதவும் மாணவருக்கும் இது பொருந்தும்.

விடக்கூடாத தகுதிகள்

சில விண்ணப்பங்களில் நாமே தேர்ந்தெடுக்க இடமில்லை. தமிழ்நாட்டின் பொறியியல் சேர்க்கையில் கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை 200க்குக் கணக்கிட்டே தரவரிசை அமைகிறது. அங்கே பேச்சுப்போட்டிப் பரிசுகள் வரிசையை உயர்த்துவதில்லை. ஆயினும், கேட்கப்படும் சிறப்புப் பிரிவுகளை நிரப்பாது விட்டால் பேரிழப்பு நேரும்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப்பள்ளியில் பயின்றவர்களுக்கு மருத்துவம், பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக்கட்டணச் சலுகை உண்டு. தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப்பணி நியமனங்களில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. இவற்றைக் குறிப்பிடாமல் விடுவது அடக்கம் ஆகாது, உரிமையை இழப்பதாகும். அம்மாணவியின் பட்டியலில் எவரும் பாராட்டாத மூன்று செய்திகள், அதாவது அரசுப்பள்ளி, தமிழ்வழி, முதல் பட்டதாரி என்பனவே அவர் வாழ்வை மாற்ற வல்லவை.

தெரிந்து தெளிவோம்

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கெனத் தமிழ்மொழி இலக்கியத் திறனறித் தேர்வு நடத்தப்படுகிறது. இதில் தெரிவு செய்யப்படும் 1500 பேருக்கு மாதம் 1500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. இதில் பெறும் வெற்றி, தன்விவரக் குறிப்பில் இடம்பெறத் தக்க தகுதியாகும்.

உண்மையும் சரிபார்த்தலும்

பொருந்தாததை விடுவது தேர்வு. இல்லாததைச் சேர்ப்பது பொய். 'உங்கள் கல்வித்தகுதிகள் அனைத்தையும் குறிப்பிடுக' என்று படிவம் கேட்குமாயின், உயர்ந்த தகுதியைக்கூட மறைத்தல் கூடாது. பங்கேற்றதற்கான சான்றிதழை வெற்றிக்கான சான்றிதழாக எழுதுதல், முகாமில் ஒருநாள் இருந்துவிட்டு ஏழு நாள் என எழுதுதல் ஆகியன சிறு திருத்தங்களாகத் தோன்றலாம். சான்றிதழ் சரிபார்ப்பின்போது அவை வெளிப்பட்டால், உண்மையாகப் பெற்ற தகுதிகளும் ஐயத்திற்கு உள்ளாகும்.

பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள், தேர்ச்சி பெற்ற ஆண்டு ஆகியவற்றைச் சான்றிதழோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஹார்டிக்கு எழுதிய மடலில் தமக்கு ஏறத்தாழ 23 வயது என இராமானுசன் எழுதினார். 1887 திசம்பர் 22இல் பிறந்த அவருக்கு அப்போது வயது 25. தனிப்பட்ட மடலில் அது பொருட்படுத்தப்படவில்லை. இன்றைய இணையவழி விண்ணப்பத்தில் இத்தகைய வேறுபாடு ஓர் இடத்தையே இழக்கச் செய்யக்கூடும்.

எனவே, பதினொன்றாம் வகுப்பிலேயே ஒரு குறிப்பேட்டைத் தொடங்குக. பெற்ற சான்றிதழ், கற்ற தொழில், ஆற்றிய பணி ஆகிய அனைத்தையும் நாளிட்டு அதில் எழுதி வருக. அக்குறிப்பேட்டில் எதையும் விடவேண்டாம். விண்ணப்பம் எழுதும் நாளில், கேட்கப்படும் வினாவை இருமுறை படித்து, அதற்கு உரியவற்றை மட்டும் அதிலிருந்து எடுத்து எழுதுக.

கற்பவை கற்றபின்

1. உங்களிடம் உள்ள தகுதிகள், திறன்கள் அனைத்தையும் பட்டியலிடுக. ஒரு கல்லூரிச் சேர்க்கைக்கும் ஒரு பகுதிநேரப் பணிக்கும் அவற்றுள் எவற்றைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்பதைக் காரணத்துடன் எழுதுக.
2. உங்கள் குடும்பத் தொழிலில் நீங்கள் கற்ற ஒரு திறனைத் தன்விவரக் குறிப்பில் இடம்பெறும் வகையில் இரண்டு வரிகளில் எழுதுக.
3. இராமானுசனின் இரு மடல்களிலும் இடம்பெற்ற, விடப்பட்ட செய்திகளை அட்டவணைப்படுத்தி வகுப்பில் கலந்துரையாடுக.