ஒரே பெயர், இரு வேறு அணுக்கள்

“ஸ்டெம் செல் சிகிச்சையைத் திருச்சபை விலக்கியுள்ளதன்றோ?” என்று ஐயுறும் பெற்றோர் நம் பங்குகளில் உளர். குருத்தணு என்னும் ஒரே பெயர் இரு வேறு பொருள்களுக்கு வழங்குவதால் எழுந்த குழப்பம் இது.

கோவையைச் சேர்ந்த எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி 2013-இல் செய்தித்தாள்கள் எழுதின. தலசீமியா என்னும் பரம்பரை இரத்தநோய் அவளுக்கு. இந்நோய் முற்றியவர்க்கு மாதந்தோறும் இரத்தம் ஏற்றியாக வேண்டும். தம்பி பிறந்தபோது அவனுடைய தொப்புள்கொடிக் குருதி சென்னை ஜீவன் வங்கியில் சேமிக்கப்பட்டது. அக்குருதியின் குருத்தணுக்களே தமக்கையின் நோயைத் தீர்க்க உதவின.

நஞ்சுக்கொடியை மண்ணில் புதைத்துவிடுவதே நம் வழக்கம். குழந்தை பிறந்து கொடியை அறுத்தபின் அதில் தங்கும் குருதியை எடுப்பதால் தாய்க்கும் சேய்க்கும் நோவில்லை. இரத்தத்தின் பல்வகை அணுக்களையும் பிறப்பிப்பதே அக்குருத்தணுக்களின் தொழில். 1988-இல் பாரிசில் டாக்டர் எலியான் குளுக்மன் முதன்முதல் இச்சிகிச்சையைச் செய்தார். அங்கும் தங்கையின் கொடிக் குருதியே அண்ணனைக் காத்தது.

கருமுளைக் குருத்தணுவோ, கருவுற்று ஐந்தாறு நாளே ஆன கருவின் உள்ளிருந்து எடுக்கப்படுவது. உடலின் எவ்வகை அணுவாகவும் மாறவல்லது; கட்டுப்பாடின்றிப் பெருகிக் கட்டியாகவும் கூடும். அதனை எடுக்கையில் கரு மடிகிறது. திருச்சபையின் மறுப்பு இதற்கே. விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2008-இல் வெளியிட்ட ‘திஞ்ஞித்தாஸ் பெர்சோனே’ என்னும் அறிவுரை, பிறப்பின்போது பெறும் கொடிக் குருதியைத் தகுந்ததெனவே கூறுகிறது.

ஆயினும் தனியார் வங்கிகளின் விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்கவேண்டா. பிள்ளையின் குருதி பின்னாளில் அப்பிள்ளைக்கே பயன்படுமென்று சேமிப்பதற்கு அறிவியல் ஆதாரமில்லை என 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தெளிவாக்கியது. தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தையின் கொடிக் குருதியிலும் அதே குறை இருக்குமே! அச்சிறுமிக்கு உதவியதும் தம்பியின் குருதியன்றோ? உடன்பிறந்தார் இருவர்க்குள் முழுப் பொருத்தம் அமைவதும் நான்கில் ஒரு வாய்ப்பே.

மூத்த பிள்ளைக்கு இத்தகைய நோயிருந்து, தாய் மீண்டும் கருவுற்றிருந்தால் மட்டும் செய்தி வேறு. பேறுகாலத்துக்கு முன்னரே இரத்தநோய் மருத்துவரைக் கலந்து ஏற்பாடு செய்க. கொடியை அறுத்த சில நிமிடங்களுக்குள் குருதி உறையத் தொடங்கிவிடும்.