துணை நிற்போம்

கல்லூரி வளாகம் இந்தியாவின் சிறு வடிவம். மணிப்பூர் மாணவியும் பீகார் மாணவரும் தமிழ் மாணவியும் அங்கே ஒரே வகுப்பில் அமர்கின்றனர். ஆயினும், தோற்றத்தையோ மொழியையோ சாதியையோ சுட்டிக் கேலி செய்யும் வழக்கம் இன்னும் மறையவில்லை. தென்னகத்தாரை எல்லாம் ‘மதராசி’ என்று ஏளனமாக அழைக்கக் கேட்ட நமக்கு அந்த வலி புதிதன்று.

2014 சனவரியில், அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவரின் தோற்றத்தைத் தில்லிக் கடை ஒன்றில் சிலர் கேலி செய்தனர். அதனால் மூண்ட சண்டையில் தாக்கப்பட்ட அவர் மறுநாள் உயிரிழந்தார். வடகிழக்கு மாநிலத்தவரின் இன்னல்களை ஆராய நடுவண் அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது.

பல்கலைக்கழக மானியக் குழு, 2009ஆம் ஆண்டின் பகடிவதைத் தடுப்பு விதிகளை 2016இல் திருத்தியது. நிறம், இனம், சாதி, சமயம், தோற்றம், பிறந்த இடம், மொழி ஆகியவற்றைக் காரணமாக்கித் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் பகடிவதையே என்று அது வரையறுத்தது. முறையிட 1800-180-5522 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு.

விதி ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. அருகில் இருப்பவர் வாய் திறக்க வேண்டும். கேலியைக் கேட்டுச் சிரியாதிருத்தல் முதற்படி. ‘பெயர் சொல்லி அழை’ எனத் தடுத்தல் இரண்டாம் படி. பாதிக்கப்பட்டவரின் விருப்பத்தைக் கேட்டறிந்து, முறையிட உடன் செல்லுதல் மூன்றாம் படி. கண்டதைத் தயங்காமல் சாட்சி கூறுதல் நான்காம் படி.

மாணவர்களே! நம்மை இகழ்ந்தால் வருந்துகிறோம். பிறரை இகழும்போது வாளா இருப்பின், அவ்விகழ்ச்சிக்கு நாமும் உடன்பட்டவராவோம். இன்று வகுப்பறையில் துணை நிற்கப் பழகுவோரே நாளை வளாகத்திலும் துணை நிற்பர்.

சிந்தித்து எழுதுக: உம் வகுப்பில் தனித்து அமர்ந்திருப்பவர் யார்? அவருக்காக நீவிர் நாளை செய்யக்கூடிய செயல் ஒன்றை எழுதுக.